பவளப்பாறையைத் தீர்த்துக்கட்டச் சில யோசனைகள்

முதலில் அது கல் என்று உறுதியாக நம்புங்கள். கடுகளவு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய குடியிருப்பு அது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உயிர் என்று ஒப்புக்கொண்டால் பிறகு கை வராது.

தொழில் பழக மன்னார் வளைகுடாவைவிட நல்ல இடம் கிடையாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார். நம் முன்னோடிகள் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினார்கள். பலன் கண்கூடு: பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அரண் போய்விட்டால் அலை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், கூலியும் கேட்காது.

இந்த முறையில் ஒரு குறை, ஆள் மாட்டிக்கொள்வான். 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், பவளத்தையும் சேர்த்தார்கள். 2005 வாக்கில் வெட்டு ஏறக்குறைய நின்றேபோனது. சட்டம் போட்டால் நிற்கும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது நம் துறைக்குப் பெரிய பின்னடைவு.

இழுவைமடி, அறுந்த வலை, சாக்கடை பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவை தாமாகவே நடக்கின்றன.

நயமான வழி வேண்டுமா? வாழ்வாதாரம் என்று பெயர் வையுங்கள். தென்கிழக்காசியக் கடற்பாசியான கப்பாஃபைகஸை மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்த்தார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் காரஜீனன் அதிலிருந்து கிடைக்கிறது. இந்தப் பாசியின் அழகே, ஒடிந்த துண்டும் தனிச்செடியாகிவிடும் என்பதுதான். 2008-இல் குருசடைத் தீவுப் பக்கம் அது பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து மூச்சுமுட்ட வைத்திருந்தது தெரியவந்தது. அப்புறம் அதைக் கையால் பிடுங்கிப் போட ஆள் வைக்க வேண்டியதாயிற்று. கொண்டுவருவதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு ஒரு செலவு. இரண்டும் வளர்ச்சிக் கணக்கில்தான் சேரும்.

ஆனாலும், என்னைக் கேட்டால், கடற்கரைக்கே போகாமல் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். பவளத்தின் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. சோறும் அதுதான் போடுகிறது, நிறமும் அதுதான் தருகிறது. கோடையின் வழக்கமான உச்சச் சூட்டுக்கு மேல் ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெருமளவில் வெளுத்தது. உலகளவில் நான்காவது வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். இதற்கு வள்ளமும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். நிலக்கரி எரிந்தால் போதும். எந்த வனக்காவலர் வந்து யார் கையில் விலங்கு மாட்டுவார்?

அளவு முக்கியம். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-இல் தந்த கணக்குப்படி, பூமி ஒன்றரை டிகிரி சூடானால் 70 முதல் 90 விழுக்காடு பவளப்பாறைகள் போகும். இரண்டு டிகிரி என்றால் 99-க்கும் மேல். அரை டிகிரிக்குக் கஞ்சத்தனம் பார்த்துக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

வழியில் சிலர் குறுக்கே வருவார்கள். தூத்துக்குடிப் பக்கம் கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பார் இறக்கியிருக்கிறார்கள். பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்ப்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்காதீர்கள், பொன்னாடை போர்த்துங்கள். அவர்கள் கீழே நடட்டும், நீங்கள் மேலே சூடேற்றுங்கள்.

கடைசியில் யாராவது கணக்குக் கேட்பார்கள். தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கும் பெண்களைக் கைகாட்டிவிடுங்கள். கிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு, மாதத்தில் இத்தனை நாள்தான் என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு தலைமுறையாகப் பறித்து வருகிறவர்கள். வக்கீல் வைக்க வசதி கிடையாது. அவர்களுக்குப் பவளப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடுங்கள். கடலோரத்தில் வேண்டாம், மாவட்டத் தலைநகரில், ஏசியைப் பதினெட்டில் வைத்த அரங்கமாகப் பாருங்கள்.