வடக்கு அழுத்த, கிழக்கு ஒப்ப

ராமேஸ்வரம் கரையில் பனை நிழலில் நாலு பேர் சீட்டுக்கட்டைப் பிரித்தால், பார்ப்பவருக்கு 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் நினைவுக்கு வரும். அதே 52 சீட்டை வைத்துப் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் தங்கம் வாங்கினால் அது தேசப் பெருமை. திறமை ஆட்டத்துக்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது என்றால் யார் கேட்கிறார்கள்? இந்த அவப்பெயரைத் துடைக்க வல்லது, டூப்ளிகேட் பிரிட்ஜ் மேசையில் வைக்கும் கம்பியில்லா மதிப்பெண் கருவிதான். ஒரே சீட்டுப் பங்கீட்டை எல்லா மேசையும் ஆடுவதால் அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை குறைவு; வடக்கு இருக்கையில் இருப்பவர் ஏல முடிவையும் பிடிகளையும் கருவியில் அழுத்த, கிழக்கில் இருப்பவர் ஒப்புக்கொண்டால்தான் கணக்கு ஏறும். எந்தச் சூதாட்டத்தில் எதிராளியின் ஒப்புதல் கேட்டார்கள்?

பெரியவர்களுக்குப் பொத்தான் பிடிபடாது என்பார்கள். பாக் நீரிணையில் இருட்டில் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் கையாளும் ஊரில் இது ஒரு சாக்கா? இருவரும் சேர்ந்தே தப்பாக அழுத்தினால் கருவி அந்தத் தப்பை மின்னல் வேகத்தில் கணக்கில் சேர்த்துவிடும் என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். அதற்குக் காகித மதிப்பெண் தாள் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். பிரிட்ஜ் கிளப் தொடங்குவோர் முதலில் கருவியை வாங்குங்கள். அதன் ரசீதையும் சட்டப் புத்தகத்தையும், சந்தேகப்படுவோர் பார்க்க, வாசல் மேசையிலேயே வையுங்கள்.