அடியில் போய்ப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஈகோஸ்போர்ட் சல்லிசாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: 2021-இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் ஈகோஸ்போர்ட்டின் மறுவிலை இறங்கியது. விற்பவருக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். மறைமலைநகரில் பிறந்த உறுதியான வண்டி. ஆனால் உங்கள் ஊரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, உப்பளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பதுதான் கணக்கு! பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், முத்துக்குளிப்பவர் மாதிரி அடியில் போய்ப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, கதவின் கீழ்விளிம்பு, சைலன்சர் மூட்டு, பிரேக் குழாய் எல்லாவற்றையும் விரலால் சுரண்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், பேரமே பேசாமல் கிளம்பிவிடுங்கள். புதிதுதான் வேண்டுமென்றால், பக்கத்து சில்லாநத்தத்திலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தாயிற்று. அதன் மறுவிலை தெரிய இன்னும் சில வருஷம் ஆகும்.