ஐந்தரை அடி வில்லும் ஒரு கப்சாயும்

வில் வாங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் வில்லைப் புராணத்தில் மட்டும் பார்த்தவர்கள். ஜனகர் சபைக்குச் சிவதனுசைக் கொண்டுவர எட்டுச் சக்கரப் பெட்டியும் அதை இழுக்க ஐயாயிரம் ஆட்களும் தேவைப்பட்டதாக வால்மீகி சொல்கிறார். என்னிடம் இருப்பது இரண்டு சக்கரம். அதுவும் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். இழுக்க ஆள் கிடையாது. மேடு வந்தால் நானே இறங்கித் தள்ள வேண்டும். இராமன் வில்லை முறித்தான், பெண் கிடைத்தாள். நான் முறித்தால் பணம் போகும், வீட்டில் இருக்கிற பெண்ணும் ஒரு வாரம் பேசமாட்டாள்.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த எந்தப் பையனும் வில்லுக்குப் புதியவன் அல்ல. மூங்கிலை வளைத்து நைலான் கயிறு கட்டி, செம்பனை ஈர்க்கை அம்பாக விட்டவன்தான். கொஞ்சம் வசதியான பையன் லாஸ்டிக் கவண் வைத்திருப்பான். அதற்கு ரப்பர் எங்கிருந்து வந்தது என்று தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். வளர்ந்ததும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. இப்போது நாட்டில் பாரம்பரிய வில்வித்தைக்கு நல்ல மவுசு. மலாய் நண்பர்களுக்கு இது நபிகள் ஊக்குவித்த விளையாட்டு என்பதால் ஈடுபாடு அதிகம். அவர்களில் பலர் குதிரைமேல் இருந்து எய்கிற குட்டை வில்லைப் பிடித்து, கட்டைவிரலால் நாண் இழுக்கிறார்கள். நான் ஆசைப்பட்டது நெடுவில்லுக்கு. 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் அம்பு விட்ட ஹாவர்ட் ஹில் மீது எனக்கு அப்படி ஒரு மயக்கம். திரையில் தோன்றி மீசையை முறுக்கியது எரல் ஃப்ளின். குறி தவறாமல் எய்தது ஹில். சினிமாவில் இப்படி நடப்பது நமக்குப் புதிதா என்ன?

நெடுவில் என்றால் சாதாரணமாக 64 முதல் 68 அங்குலம். நான் குறித்து வைத்தது 66. ஐந்தரை அடி. என் மனைவியைவிட இரண்டு அங்குலம் உயரம். இதைக் கப்சாயில் எப்படிக் கொண்டுபோவது? குறுக்கே வைத்தால் எதிரே வருகிற லாரிக்காரன் குலதெய்வத்தைக் கூப்பிடுவான். நெடுக்கே முதுகில் கட்டினால் செம்பனை மட்டையில் மாட்டும்; வில் மரத்தில் நிற்கும், நான் பாதையில் கிடப்பேன். அதனால் கழற்றி மாட்டுகிற வில்தான் ஒரே வழி. வில்காரர்கள் பாஷையில் டேக்டவுன். கழற்றிப் பையில் போட்டால் பார்க்கிறவனுக்குத் தூண்டில் கம்பு. ‘என்ன, லிங்கி ஆத்துல இறால் கிடைச்சுதா?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் ‘இன்னைக்குச் சரியில்ல’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். முதலை நடமாடுகிற ஆறு. மேற்கொண்டு யாரும் தோண்டுவதில்லை.

கழற்றுவதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று மூன்று துண்டு: நடுவில் ரைசர் என்கிற கைப்பிடிக் கட்டை, மேலும் கீழும் வளைகிற இரண்டு லிம்ப், அவற்றை இறுக்கத் திருகாணிகள். இதில் ஒரு நன்மை இருக்கிறது. முதலில் இழுவை குறைந்த லிம்ப், தோள் பழகியதும் கனத்த லிம்ப் என்று மாற்றிக்கொள்ளலாம். கட்டை மட்டும் அதேதான். இன்னொன்று இரண்டு துண்டு: வில் கைப்பிடியிலேயே பிரியும், ஒரு குழலுக்குள் இன்னொரு பாதி செருகிக்கொள்ளும். நாண் ஏற்றிவிட்டால் அந்த இழுவையே இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திருகாணி என்ற பேச்சே இல்லை. புத்தகத்தில் படித்தால் மூன்று துண்டுதான் புத்திசாலித்தனம். லாலான் புல்லில் ஒரு திருகாணியைத் தவறவிட்டவனிடம் கேட்டால் இரண்டு துண்டு என்பான். மேலும் மூன்று துண்டின் நடுக்கட்டை கனக்கும். கையில் துள்ளாத வில்லை நெடுவில் என்று ஒப்புக்கொள்ள என் மனம் கேட்கவில்லை. இது என் சொந்தப் பிடிவாதம், யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

சொல்லிச் செய்கிற வில்லுக்கு ஒரு படிவம் உண்டு. பெண் பார்க்கப் போகும்போதுகூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். எந்தக் கை? எந்தக் கண் ஓங்கியது? நாணை எவ்வளவு தூரம் இழுப்பாய்? அந்தத் தூரத்தில் எத்தனை பவுண்டு? கைப்பிடி நேராக வேண்டுமா, குழிந்து வேண்டுமா? என்ன மரம்? கட்டைவிரலைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் இல்லை, ஏனென்றால் நெடுவில்லை இழுப்பது மூன்று விரலால். ஏகலைவன் இந்த முறையில் பழகியிருந்தால் துரோணர் மூன்று விரல் கேட்டிருக்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு அவருக்கும் துணிச்சல் வந்திருக்காது. கட்டைவிரல் போன பிறகும் அவன் மற்ற விரல்களால் எய்தான், முன்பிருந்த வேகம்தான் வரவில்லை என்று பாரதம் சொல்கிறது. அந்த வேகத்தில் கால்வாசி வந்தாலும் எனக்குப் போதும்.

இழுவைத் தூரம் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுக்க வேண்டும். தையல் மிஷின் மேசையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். இடது நடுவிரலில் டேப்பின் நுனியை வைத்து, மார்பு வழியாக வலது பக்கம் நகர்ந்தவள் பாதியில் நின்றாள்.

‘மூச்ச உள்ள இழுக்காதீங்க. கைக்குத்தான் அளவு, வயித்துக்கு இல்ல.’

68 அங்குலம். வகுத்தால் 27 சொச்சம். இதில் பொய் சொல்லி லாபமில்லை. வில்லின் பவுண்டை வழக்கமாக 28 அங்குல இழுவைக்குக் குறிப்பார்கள். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும், கூடினால் கூடும். 45 என்று எழுதிய வில் என் கையில் 42, 43தான்.

இந்தப் பவுண்டு விஷயத்தில்தான் ஆண்பிள்ளைகளுக்குப் புத்தி தடுமாறுகிறது. என் மச்சான் எனக்கு முன்பே ஒரு வில்லுக்குச் சொல்லியிருந்தார், மூன்று துண்டு. இழுவை என்ற இடத்தில் 60 என்று எழுதினார். ‘ஏன் மச்சான், 40 போதுமே’ என்றேன். ‘எங்கப்பா ரெண்டு வாளி பாலக் காண்டாவுல தூக்கிக்கிட்டு மலை இறங்குனவரு, தெரியுமா?’ என்றார். தெரியும். அவர் தோளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தோளை அவர் சொத்தோடு சேர்த்து மகனுக்கு எழுதிவைக்கவில்லை. மச்சான் வேலை செய்வது குளிர்சாதன அறையில். அவர் தூக்குகிற அதிகபட்ச கனம் தே தாரிக் கிளாஸ்.

மச்சானைக் கெடுத்தது மேரி ரோஸ் கப்பல். 1545இல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல். 1982இல் வெளியே எடுத்தார்கள். அதில் 137 முழு நெடுவில்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களின் இழுவை 100 பவுண்டிலிருந்து 180ஐத் தாண்டியும் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ‘அவன் 180, நான் 60தான கேக்குறேன்’ என்பது மச்சானின் வாதம். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டையின் நுனி எலும்பு மற்ற எலும்போடு ஒட்டாமலே இருந்தது. சின்ன வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தப் பக்கத்தை மச்சான் படிக்கவில்லை. படம் இருந்த பக்கத்தை மட்டும் பார்த்தார்.

நான் என் தோளைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அப்போது என்னிடம் இருந்தது ரோத்தானில் செய்த பழகுவில். தமிழ்ப்பள்ளியில் எதைக் கண்டு ஓடி ஒளிந்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கும் காலம். மீன் நிறுக்கிற கொக்கித் தராசை வாசல் உத்திரத்தில் கட்டி, கொக்கியில் நாணை மாட்டி, வில்லைக் கீழே இழுத்தேன். 27 அங்குலத்தில் முள் 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. 31 பவுண்டு. பக்கத்து வீட்டு மண்டோர் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, ‘தராசு சரியா இருக்கா?’ என்றார். கிராணி பால் நிறுத்த காலத்திலிருந்தே எந்தத் தராசையும் நம்பாத தலைமுறை அது. இன்னொரு தராசு கொண்டுவந்து அவர் முன்னாலேயே மறுபடி இழுத்துக் காட்டினேன். 31தான். அதை நாள் முழுக்க நடுங்காமல் இழுக்க முடிந்ததால், புதிய வில்லுக்கு 40 என்று எழுதினேன். மச்சான் சிரித்தார்.

‘அந்தக் காலத்துல வல்வில் ஓரி எத்தன பவுண்டு வச்சிருந்தாரு?’ என்று தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. கொல்லிமலைத் தலைவன் விட்ட ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியைத் துளைத்து, மானை வீழ்த்தி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாக வன்பரணர் பாடியிருக்கிறார். இன்றைக்கும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். எனக்குப் பவுண்டைவிட அந்த ஐந்து பிராணிகளும் ஒரே வரிசையில் நின்றதுதான் பெரிய ஆச்சரியம். எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆடு அப்படி நிற்காது.

இனி யாரிடம் செய்வது? அமெரிக்காவில் பேர்போன பட்டறைகள் உண்டு. விலை ஆயிரம் டாலரைத் தொடுவது அங்கே சாதாரணம். அதை நம் ரிங்கிட்டுக்கு மாற்றும்போது கை நடுங்கும், அந்த நடுக்கத்தோடு அம்பு விட முடியாது. காத்திருப்பு மாதக்கணக்கில். இதில் வேடிக்கை, உள்ளே வைத்து ஒட்டுகிற மூங்கில் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து போனதுதான். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை மாதிரி, போகும்போது மூங்கில், வரும்போது டாலரில் சம்பளம். நான் கோலப்பிலா பக்கம் மரவேலை செய்கிற ஒரு மலாய் அண்ணனைப் பிடித்தேன். நாற்காலி மேசை செய்து மிஞ்சிய நேரத்தில் வில் செய்கிறவர். உள்ளே மூங்கில், இரு முகத்திலும் கண்ணாடி நார்.

அவரிடம் ஒன்று கேட்டேன்: ‘அபாங், கைப்பிடியை ரப்பர் மரத்தில் செய்ய முடியுமா?’ அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரப்பர் மரம் நாற்காலிக்கு நல்ல மரம்தான், ஏற்றுமதியே நடக்கிறது. ஆனால் பச்சையாக விட்டால் நீலம் பூத்துவிடும், வண்டு துளைக்கும். மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்தால்தான் ஆகும். முழுக்கட்டையாக வேண்டாம், மெர்பாவ் கட்டைக்கு நடுவில் ஒரு கீற்றாக வைத்துத் தருகிறேன் என்றார். எனக்கு அது போதும். பிரேசிலிலிருந்து 1876இல் விக்ஹாம் கொண்டுபோன விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றாக சிங்கப்பூர் வந்து, அதன் பின்னால் எங்கள் தாத்தாவும் கப்பலேறி வந்து, இத்தனை சுற்றுக்கும் சாட்சியாக என் உள்ளங்கையில் ஒரு கீற்று இருக்கட்டுமே.

வில் வந்தது. செங்காவி மெர்பாவுக்கு நடுவில் விரல் அகலத்தில் வெளிர்மஞ்சள் கோடு. மண்டோர் தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தக் கோட்டை நகத்தால் மெல்லச் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். ‘இது அறுநூறுப்பா’ என்றார். ஆர்ஆர்ஐஎம் 600, அவர் நாற்பது வருஷம் வெட்டின ரகம். அரக்குப் பூசிப் பளபளக்கிற ஒரு கீற்றைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது என்று தாவர சாஸ்திரம் சொல்லலாம். அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

எய்து பழக இடத்துக்குக் குறைவில்லை. செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவது வழக்கம். உள்ளரங்கப் போட்டியில் இலக்கின் தூரம் 18 மீட்டர். ஆக, ஒரே நிரையில் இரண்டு மரம் தள்ளி நின்றால் உலகப் போட்டித் தூரம். அளவுநாடா தேவையில்லை, எந்தக் காலத்துத் துரையோ நமக்காக அளந்து நட்டுவைத்த மாதிரி இருக்கிறது. மானேஜரிடம் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில், மண்மேட்டை முதுகாக வைத்துத்தான் எய்ய வேண்டும். உதிரிப்பழம் பொறுக்க யாராவது குனிந்திருக்கிறார்களா என்று முதலில் நடந்து பார்க்க வேண்டும். இலக்கைத் தவறிய அம்பு வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் போனால், அதை மறந்துவிடுவது உத்தமம். அங்கே எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் இருக்கும். ஓர் அம்புக்காக அதன் வீட்டுக்குள் கைவிட வேண்டியதில்லை.

அம்புக்குத் தனிச் செலவு என்பதை எந்தப் படிவமும் முதலில் சொல்வதில்லை. வில்லின் பவுண்டுக்கு ஏற்ற விறைப்பு அம்புக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராகப் பிடித்தாலும் ஓரமாய்ப் போகும். நம் ஊர் ஈரத்தில் மர அம்பு மெல்ல வளைந்துகொள்ளும், கார்பன் வளையாது. வில்லை மட்டும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஒட்டுப் பசை சூட்டில் விட்டுக்கொண்டால் உங்கள் டேக்டவுன் நீங்கள் கழற்றாமலே கழன்றுவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: 66 அங்குலம், இரண்டு துண்டு, 40 பவுண்டு, உள்ளே மூங்கில். மரத்தின் அழகுக்குக் கொடுக்கிற காசைக் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் செலவழியுங்கள். கனமான வில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மச்சானின் வில் விற்பனைக்கு இருக்கிறது. 60 பவுண்டு, வலது கை, மூன்று துண்டு, ஒரு திருகாணி குறைவு. இதுவரை ஆயுத பூஜைக்கு மட்டுமே பயன்பட்டது. சந்தனம் துடைத்துத் தரப்படும்.