லிங்கனின் கட்சியை விட்டுக் கறுப்பின மக்கள் விலகியது ஏன்?

கேள்வி: அடிமைமுறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்களே, ஏன்?

பதில்: லிங்கனுக்குப் பட்ட நன்றிக்கடனைத்தான் 70 ஆண்டுகள் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வட்டியும் முதலுமாக அடைத்துவிட்டார்களே! பிறகு ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வேலையும் சோறும் தந்தன. 1936-இல் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் அவர் பக்கம் போனார்கள். 1964-இல் அதே கட்சியின் அதிபர் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வாக்களித்த செனட்டர் கோல்ட்வாட்டரையே குடியரசுக் கட்சி அதே ஆண்டு அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. பிறகு யார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்கள்? இத்தனைக்கும் தேவாலயம், குடும்பம் என்று வந்தால் கறுப்பின மக்களில் பலர் பழமைவாதிகள்தான். இருந்தும், தங்கள் உரிமைக்கு நின்றது யார் என்று பார்த்தே வாக்களிக்கிறார்கள். இதை மந்தைப்புத்தி என்பது அநியாயம். அடிபட்டுக் கற்ற அரசியல் இது.