சித்தப்பா, முதலில் இடது பக்கம் பாருங்கள்

குவீன்ஸ், நியூயார்க்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் அடுத்த மாதம் வருவதில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. விசா, டிக்கெட், ஊறுகாய் எல்லாவற்றையும் சித்தி பார்த்துக்கொள்வார்கள். என் கவலை நீங்கள் ரோட்டைக் கடப்பது பற்றித்தான். கோரிப்பாளையம் சிக்னலில் வருகிற பஸ்ஸை உள்ளங்கை காட்டியே நிறுத்துகிறவர் நீங்கள்.

உங்கள் பாணியில் கடப்பதற்கென்றே அமெரிக்க இங்கிலீஷில் ஒரு வினைச்சொல் இருக்கிறது: ஜேவாக். கடக்கும் கோட்டை விட்டு எங்கேயோ இறங்கினாலும் ஜேவாக். சிவப்பு எரியும்போது கோட்டின் மேலேயே நடந்தாலும் ஜேவாக். நடுராத்திரியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டியே இல்லாவிட்டாலும் ஜேவாக்தான். அந்தக் காலத்துப் பேச்சில் ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். பட்டணத்துக் கட்டடங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே எதிரே வருகிறவர் மேல் மோதுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் திட்டு முதலில் வண்டிக்காரருக்கும் விழுந்தது. 1905லேயே கான்சாஸ் பத்திரிகை ஒன்றில் ‘ஜே டிரைவர்’ வந்துவிட்டார். எந்தப் பக்கம் ஓட்டுவது என்று தெரியாதவர். அப்போது தெரு நடப்பவருக்குத்தான் சொந்தம். கார்கள் பெருகி, அடிபட்டுச் சாகிற குழந்தைகளும் பெருகியதும், ஜனங்களின் கோபம் கார்கள் மேல் திரும்பியது. 1923ல் சின்சினாட்டி நகரத்தில், 25 மைல் வேகத்துக்கு மேல் போகாதபடி ஒவ்வொரு காரிலும் கருவி பூட்ட வேண்டும் என்று வாக்கெடுப்பே வைத்தார்கள். கார் வியாபாரிகள் பதறிப்போய்ப் பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தார்கள். பிறகு ‘நடப்பவனுக்குத்தான் நடக்கத் தெரியவில்லை’ என்று ஊர் ஊராகப் பேச ஆரம்பித்தார்கள். டிரைவரிடமிருந்த பட்டிக்காட்டான் பட்டம் நடப்பவர் தலைக்கு மாறியது. பின்னாலேயே சட்டமும் வந்தது.

நியூயார்க்காரர்கள் மட்டும் அதைச் சட்டை செய்யவே இல்லை. 1998ல் மேயர் ஜூலியானி 2 டாலர் அபராதத்தை 50 டாலராக்கிப் பார்த்தார். ஊர் அவர் கண்ணெதிரேயே குறுக்கே நடந்தது. பின்னாளில் அபராதம் 250 டாலர் வரை ஏறியும் அதே கதைதான். எல்லோரும் கடந்தார்கள், சீட்டு மட்டும் எல்லோருக்கும் கிழிக்கப்படவில்லை. 2023ல் எழுதிய சீட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்கர்களுக்கும் போயின. இந்த ஓரவஞ்சனை பெரிய பேச்சாகி, 2024ல் நகர மன்றம் புதுச் சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து இங்கே ஜேவாக் குற்றமில்லை.

அதற்காக உள்ளங்கையோடு இறங்கிவிடாதீர்கள். கோட்டுக்கு வெளியே கடந்தால் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் நீங்கள்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. கம்பத்தில் பொத்தான் இருந்தால் ஆசைக்கு ஒரு தடவை அமுக்குங்கள். பல இடங்களில் அது சும்மா பேருக்குத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இங்கே வண்டிகள் வலது பக்கமாக ஓடும். நம்மூர்ப் பழக்கத்தில் கழுத்து வலது பக்கம்தான் முதலில் திரும்பும். நீங்கள் இடது பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். சித்தியிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்