வெந்தயம் விதையா என்னும் விவாதம்

நுனியில் கமரா பொருத்திய நெகிழ்குழாயொன்றை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி என்னும் பரிசோதனை, குச்சவெளி வீடுகளில் 'கமரா விட்டுப் பார்க்கிறது' என்றே வழங்கப்படுகிறது. இதற்குத் திகதி பெற்ற பெண்ணொருவர் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரித் துண்டையன்று, சுவர்க் கலண்டரை என்பதும், திகதி மாதவிலக்கு நாளில் விழுமாயின் அடுத்ததாக நாடப்படுபவர் வைத்தியரல்லர், குளிசை வைத்திருக்கும் மச்சாள் என்பதும் வாசகர் அறிந்தவையே. கோணேசர் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் தள்ளிப்போட்டுப் பழகிய கை, கமராவுக்கும் தள்ளிப்போடுகிறது. இவ்வழக்கத்தின் சமூகவியற் காரணங்கள் மூன்றையும் இக்கட்டுரை ஒவ்வொன்றாக ஆராயும். அதற்கு முன்னர் சில அடிப்படைகள் தெளிவாக வேண்டும்.

மேற்படி குளிசை நோரெத்திஸ்தெரோன் ஆகும். கருப்பையின் உட்சவ்வை உதிராமல் தாங்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனைப் போலச் செயற்படும் இச்செயற்கைப் பொருள், வழக்கமாக 5 மில்லிகிராம் அளவில், எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் மூன்று வேளை எடுக்கப்படுகிறது. நிறுத்தி இரண்டு மூன்று நாள்களில் தள்ளிப்போனது வந்துசேரும். 1951 ஒக்ரோபரில் மெக்சிக்கோ நகரின் சின்டெக்ஸ் ஆய்வுகூடத்தில் லூயிஸ் மிராமொண்டெஸ் இதனைத் தொகுத்தபோது, மூலப்பொருள் அந்நாட்டுக் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து கிடைத்தது. நம்மவர் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததேயெனினும், கஞ்சி எதையும் தள்ளிப்போடாது. ஊதா நிறமுடையதாகையால் பரிசோதனைக்கு முன்னர் அதுவும் விலக்கப்படுகிறது.

விலக்குகளைத் தரும் துண்டு, ஆராய்ச்சிக்குரிய தனி இலக்கியமாகும். நாரும் விதையும் குடலில் தங்கிக் கமராவின் பார்வையை மறைக்குமென்பதால், முன்னைய சில நாள்களுக்குச் சிவப்பரிசி, குரக்கன், முருங்கையிலை முதலியன, அதாவது கிளினிக்கில் ஆண்டு முழுவதும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தப்பட்ட யாவும், தடைசெய்யப்படுகின்றன. சாப்பிடக் கூடாதென்று ஏசப்பட்ட வெள்ளைப் பாணும் வெள்ளைச் சோறும் கௌரவம் பெறுகின்றன. மீனுக்குத் தடையில்லை என்பதால் கடலோர ஊரான குச்சவெளி சற்று ஆறுதலடைகிறது. ஆயினும் மீனோடு சொதி வருகிறது. சொதியில் வெந்தயம் வருகிறது.

வெந்தயம் விதையா, சரக்கா என்னும் வினாவில் குடும்பம் இரண்டுபடுகிறது. விதையே என்பார் மச்சாள். முளைக்கப் போட்டால்தான் விதை, தாளிக்கப் போட்டால் சரக்கு என்பார் மாமி. வெந்தயமின்றிச் சொதி வைப்பதென்ற இடைக்காலத் தீர்மானம் நிறைவேறிய கையோடு, பச்சைமிளகாயின் வயிற்றுக்குள் இருப்பவை யாவை என்ற கேள்வி எழுகிறது. அதைக் கீறி விதை நீக்கியபின் தக்காளி விசாரணைக்கு வருகிறது. தக்காளி வெளியேறியபின், தேசிக்காய் பிழிகையில் ஒரு விதை விழுந்ததாகவும் விழவில்லையெனவும் இருதரப்புச் சாட்சியங்கள் பதிவாகின்றன. ஈற்றில் முழுச் சொதியும் தேத்தண்ணி வடியில் வடிக்கப்பட்டு, மஞ்சள் நீராகக் கோப்பையில் நிற்கும்போது, துண்டு சிவப்பையும் ஊதாவையும் மட்டுமே தடுத்துள்ளதால் மஞ்சள் அனுமதிக்கப்பட்டதா, மறக்கப்பட்டதா என்ற நுண்பொருள் விவாதம் தொடங்குகிறது. அதற்கிடையில் சொதி ஆறிவிடுகிறது. இவ்வாய்வும் சொதியிலேயே தங்கிவிட்டதென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பேதிமருந்து. பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும், குடலில் உறிஞ்சப்படாது நீரைத் தன்னோடு பிடித்துச்செல்லும் தூளை லீற்றர் கணக்கான நீரில் கரைத்துக் குடிக்கையில், உடலின் ஒரு வாசலில் பூட்டும் மறு வாசலில் திறப்பும் ஒரே நாளில் தொழிற்படுகின்றன. இவ்வெள்ளத்துக்குச் சற்று முன்னர் விழுங்கிய குளிசை உறிஞ்சப்படாமலே அடித்துச்செல்லப்படலாம் என்பதால், எந்த வேளைக் குளிசையை எப்போது எடுப்பதென்பதை வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டறிதல் அவசியம்; இரத்தம் உறைந்து கட்டிபட்ட வரலாறு உடையவர் அக்குளிசையைத் தொடுவதற்கு முன்னரே கேட்க வேண்டும். மருந்தின் இரண்டாம் பகுதியைக் காலையில் குடித்துவிட்டுப் புல்மோட்டை வீதியால் நிலாவெளி கடந்து சுமார் 35 கிலோமீற்றர் பஸ்ஸில் திருகோணமலைப் பட்டணம் போக வேண்டியவரின் நிலை பற்றி எந்தத் துண்டும் பேசுவதில்லை.

துண்டு பேசாத இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு இப்பரிசோதனைக்குத் தடையன்று. கமரா செல்லும் பாதை வேறு, தினமும் இதையே செய்யும் வைத்தியருக்கும் மிஸிமாருக்கும் அது செய்தியுமன்று, வரும்போதே சொல்லிவிட்டால் போதும். குடலுக்குள் இரத்தம்போலத் தோன்றுமென்று நெக்டோ என்னும் சிவப்புச் சோடாவைக்கூடத் தடுக்கத் தெரிந்த துண்டுக்கு, உண்மையான இரத்தத்தைப் பற்றி 'பரவாயில்லை, வாருங்கள்' என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. அவ்வொரு வரி இருந்திருந்தால் மச்சாளின் குளிசையும், அது தந்த வயிற்றுப் பொருமலும், அப்பொருமலைக் குடல் நோயென்று நினைத்து வீட்டார் பட்ட பதற்றமும் மிச்சமாகியிருக்கும். எழுத இடமில்லை என்றும் சொல்ல முடியாது: துண்டின் பின்பக்கம் முழுவதும் வெறுமையாகவே வந்தது, அதில் இப்போது மீன்காரரின் கடன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.