மாண்புமிகு சுடர் அவர்களின் திடீர்ப் புறப்பாடு குறித்து

பெறுநர்: காஸ் கீசர் கம்பெனியின் மேன்மைதங்கிய வாடிக்கையாளர் சேவை மையம்
அனுப்புநர்: கிழக்குத் தாம்பரம் அடுக்ககம் ஒன்றின் மேல்மாடிவாசியான மனுதாரர்

பெருமதிப்புக்குரிய ஐயா,

மனுதாரர் வீட்டு கீசருக்கு மாண்புமிகு சுடர் அவர்கள் நேற்றுக் காலையும் விஜயம் செய்தார். டிக்டிக் என்று முன்னறிவிப்பு, டப்பென்று திறப்பு விழா, அரை வாளி வெந்நீர். அத்தோடு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். உள்ளே தலை நிறையச் சீயக்காயோடு நின்றவர், மாயவரத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்த சம்பந்தி. "பரவால்ல மாப்ள வீட்ல, நாங்க காவேரியிலயே குளிச்சவங்கதான்" என்று கதவுக்கு உள்ளிருந்து அவர் சொன்னதற்கு, மனுதாரரின் மனைவி இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாலையில் தங்கள் டெக்னீஷியன் வந்தார். அவர் முன்னால் சுடர் அவர்கள் தேர்தல் நேரத்துத் தொகுதிப் பணிபோல அசராமல் எரிந்தார். "மெஷின் ஓகே சார், உங்க தண்ணிலதான் பிரஷர் இல்ல" என்று தீர்ப்பாயிற்று. விசிட்டிங் சார்ஜ், ஓடிபி. அவர் படியிறங்குவதற்குள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாக எஸ்எம்எஸ். ஐந்து நட்சத்திரம் வேண்டுமாம்.

பிரஷர் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. தொட்டி ஒரு மீட்டர் உயர்ந்தால் குழாயில் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிக்காரர் தலைக்குமேல் இரண்டு மீட்டரில் தொட்டி என்றால் 0.2 பார்தான். அந்தத் தண்ணீர் டயஃப்ரத்தைத் தள்ளி, சுவிட்சைத் தொட்டால்தான் இரண்டு டார்ச் பேட்டரி பொறி தட்டும், காஸ் வால்வு திறக்கும். போர் தண்ணீரின் உப்பு ஃபில்டரை அடைத்தாலும், பேட்டரி சோர்ந்தாலும், தீயை உணரும் கம்பியில் கரி படிந்தாலும் விழா ரத்து. வெளிநாட்டுப் பழைய ஹீட்டர்களில் பைலட் என்றொரு குட்டிச் சுடர் எந்நேரமும் எரியும். அதன் சூட்டில் தெர்மோகப்பிள் தரும் சில பத்து மில்லிவோல்ட்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கும். அங்கேயும் மாண்புமிகு அடிக்கடி வெளிநடப்பு செய்பவர்தான். ஆனால் இதையெல்லாம் விற்கும்போதே, தொட்டி உயரத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே? அப்போது மேல்மாடி என்று தெரிந்தும் பில் போடத் தங்களுக்குப் பிரஷர் போதுமானதாக இருந்தது.

போகிறபோக்கில் டெக்னீஷியன் ஓர் ஆலோசனையும் தந்தார்: "ஜன்னல மூடிக்கோங்க சார், காத்துலதான் அணையுது."

ஐயா, ஒரு கிலோ எல்பிஜி ஒழுங்காக எரியப் பன்னிரண்டு கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி, ஒன்பதடி உயரக் குளியலறையில் இருப்பதே ஒன்பது கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவதை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் 'காஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே எழுதியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு. ஜன்னலை மூடச் சொல்லித் தங்கள் ஆளை அனுப்பியது யார்? அதற்கும் ஓடிபி வாங்குவீர்களா? அதுவும் தாம்பரத்தில்! திறந்த காற்றே மருந்து என்று நம்பிய டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக சானடோரியம் கட்டிய ஊர் இது. இங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர்.

மன்னிக்க வேண்டும், மனுதாரருக்கும் பிரஷர் கொஞ்சம் ஏறிவிட்டது. தங்கள் சேவையின் மேன்மையில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. மாண்புமிகு சுடர் அவர்களின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தெரிவித்தால், மாலை, நாதஸ்வரத்தோடு காத்திருந்து அவசரமாகக் குளித்துக்கொள்வார். முடியாதென்றால் கீசரைக் கழற்றி, காற்றோடும் பால்கனியில் மாட்டி, பம்ப் வைத்துத் தரவும். விசிட்டிங் சார்ஜையும் திருப்பித் தரவும். நட்சத்திரம் பிறகு பார்க்கலாம்.

இதைப் படிக்கும் சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கத்து மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: யார் சொன்னாலும் ஜன்னலை மூடாதீர்கள். வாங்குமுன் தொட்டி உயரத்தை அளந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பச்சைத் தண்ணீரில் குளித்துவரும் மனுதாரர்